யாழும் கிளார்சாக்கும்: மரபு அறுந்தமையும் மீட்பு முயற்சிகளும்

1. முன்னுரை

ஓர் இசைக்கருவி வழக்கொழிந்து போவதற்கும் அதனோடு பிறந்த இசை மறைந்து போவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. கருவி அழிந்தும் அதன் இசையிலக்கணம் ஏட்டில் எஞ்சி நிற்கலாம். கருவி அரும்பொருட்காட்சியகத்தில் எஞ்சி நிற்க, அதனை இயக்கும் விரல்களின் பயிற்சி மறைந்து போகலாம். பழந்தமிழரின் யாழ் முன்னதற்குச் சான்று. அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் கேலிக் மக்களிடையே கிளார்சாக் எனப் பெயர் பெற்ற யாழ் பின்னதற்குச் சான்று. இவ்விரண்டும் நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்றாக இயங்கும் கருவிகள். புரவலரை நாடிச் சென்ற பாடுநரின் கையில் வளர்ந்தவை. அப்புரவலர் மறைந்தபோது தாமும் மெலிந்தவை. எனினும், அவை மறைந்த காலமும் மீட்கப்பெற்ற முறையும் வேறுவேறாதலின், இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதல் யாழ் ஆய்வுக்குப் பயன் தரும். இவற்றுக்கு மூன்றாவதாக, மரபு அறாமல் இக்காலம்வரை தொடர்ந்து வந்த மைசூர் வீணை மரபும் இக்கட்டுரையில் ஒப்புநோக்கப்படுகின்றது.

2. யாழின் அமைப்பும் வகையும்

தொல்காப்பியம் ஐந்திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து யாழையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. நிலந்தோறும் தெய்வமும் உணவும் பறையும் வேறுபடுதல் போல யாழும் வேறுபடும் என்பது அதனால் பெறப்படும். இங்கு யாழ் என்பது கருவியை மட்டுமன்றி அந்நிலத்துக்குரிய பண்ணையும் குறிக்கும் என்பர் உரையாசிரியர். கருவியின் பெயரே இசையின் பெயராகவும் வழங்கியமை, பண்டைத் தமிழிசையில் யாழ் பெற்றிருந்த தலைமையைக் காட்டும்.

யாழின் தோற்றத்தை உய்த்துணரப் பெரும்பாணாற்றுப்படை துணை செய்கின்றது. குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, ஆயன் ஒருவன் வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண்ணை இசைக்கும் காட்சி அந்நூலில் உள்ளது. வேட்டைக்குரிய வில்லின் நாணொலியிலிருந்து யாழ் தோன்றியது என்னும் கருத்துக்கு இப்பகுதியை ஆய்வாளர் எடுத்துக்காட்டுவது வழக்கம்.

முதிர்ந்த வடிவத்தைப் பொருநராற்றுப்படை உறுப்புறுப்பாக வருணிக்கின்றது. மானின் குளம்பு அழுந்திய சுவடு போல நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தல், விளக்கின் சுடர் போன்ற நிறமுடைய தோல், அத்தோலின் இரு தலையும் சேர்த்துத் தைத்த போர்வை, வளையில் வாழும் நண்டின் கண் போன்ற ஆணி, எட்டாம் நாள் பிறையின் வடிவுடைய வறுவாய், பாம்பு தலை தூக்கியது போன்ற கரிய மருப்பு, அம்மருப்பில் இறுகக் கட்டிய திவவு, தினையரிசி போன்ற குற்றம் நீங்கிய விரலுளர் நரம்பு என்று அவ்வருணனை செல்கின்றது. இவ்வுவமைகளை வெறும் அணியாகக் கொள்ளாது, கருவி அமைப்பின் அளவைக் குறிப்புகளாகவும் கொள்ளலாம். வளைந்த தண்டும் தோல் போர்த்த பத்தரும் கூடிய இவ்வமைப்பு, மெட்டுகள் பதித்த நேரான தண்டினையுடைய இன்றைய வீணையினின்று முற்றிலும் வேறானது.

யாழின் வகைகளைச் சிலப்பதிகார உரையாசிரியர் அடியார்க்குநல்லார் நான்காக வகுத்துரைப்பர். அவை இருபத்தொரு நரம்புடைய பேரியாழ், பத்தொன்பது நரம்புடைய மகரயாழ், பதினான்கு நரம்புடைய சகோடயாழ், ஏழு நரம்புடைய செங்கோட்டியாழ் என்பன. சங்க நூல்களில் பேரியாழும் சீறியாழும் பயின்று வருகின்றன. அவற்றை ஏந்தியோர் முறையே பெரும்பாணர், சிறுபாணர் எனப்பட்டனர்.

நரம்புகளுக்கு இடையிலான உறவுகளைத் தமிழ் இசைநூலார் இணை, கிளை, பகை, நட்பு என்னும் சொற்களால் குறித்தனர். குரல் என்னும் நரம்புக்கு ஐந்தாவதாகிய இளி அதன் கிளை. நான்காவதாகிய உழை அதன் நட்பு. யாழுக்குப் பண் அமைக்கும்போது இவ்வுறவுகளே செவிக்கு வழிகாட்டின. ஏழு நரம்பையும் செம்பாலையில் நிறுத்திய பின், குரலைத் துத்தத்துக்கும், பின் கைக்கிளைக்கும் என மாற்றிச் செல்ல, வேறுவேறு பாலைகள் பிறக்கும். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என இவை ஏழு. செம்பாலை இன்றைய அரிகாம்போதியை ஒத்தது என்பது இசை ஆய்வாளருள் பெரும்பாலோர் ஏற்கும் முடிபு. ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்னும் அமைப்புடைய கருவியில்தான் இத்தகைய பாலைத்திரிபு இயல்பாக விளங்கும். எனவே, தமிழிசை இலக்கணத்தின் அடித்தளமே யாழின் உடலமைப்பிலிருந்து எழுந்தது எனலாம்.

3. யாழ் வழக்கிழந்தமை

யாழ் எப்போது மறைந்தது என ஓர் ஆண்டைச் சுட்டுதல் இயலாது. ஆயினும் மறைவின் படிகளை இலக்கியத்திலும் கல்வெட்டிலும் காணலாம்.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரோடு சென்று அவர்தம் பதிகங்களை யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் இவர் வரலாற்றில் மூன்று செய்திகளைத் தருகின்றது. மதுரை ஆலவாயில், தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்புக் கட்டு நெகிழும் எனக் கருதி, அவருக்குப் பொற்பலகை இடுமாறு இறைவன் பணித்தான் என்பது ஒன்று. திருவாரூரில் அவர் கோயில் வாயிலின் முன் நின்று இசைக்க, அவர் உட்புகுவதற்கு வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது என்பது மற்றொன்று. தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகத்தை யாழில் அடக்க இயலாமல் பாணர் யாழையே உடைக்க முற்பட்டார். சம்பந்தர் அதனைத் தடுத்தார் என்பது மூன்றாவது.

இம்மூன்றும் பத்திமை நோக்கில் கூறப்பட்டவையே. எனினும் யாழின் வரலாற்றை ஆராய்வார்க்கு இவை மூன்று உண்மைகளை உணர்த்துகின்றன. விலங்கின் நரம்பால் அமைந்த கருவி ஈரப்பதத்தால் எளிதில் சுதி குலையும் இயல்பினது. அதனை இசைத்த குடியினர் கலையால் போற்றப்பட்டும் பிறப்பால் வாயிற்புறத்தே நிறுத்தப்பட்டனர். மிடற்றிசையின் அசைவுகளும் வளைவுகளும் பெருகியபோது, தளராது கட்டிய நரம்பு அவற்றைப் பின்தொடர இயலாது நின்றது. மெட்டுடைய வீணையில் ஒரு நரம்பை இழுத்தும் அசைத்தும் பல சுரங்களைத் தோற்றுவிக்கலாம். யாழில் அது அரிது. கமகத்தை உயிராகக் கொண்ட இசை வளர வளர, யாழின் இடத்தை வீணை பற்றியதற்கு இதுவே தலைமையான காரணமாதல் வேண்டும்.

திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியும் ஈண்டு நோக்கத்தக்கது. தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்த பின், அவற்றுக்குரிய பண் முறை அறியப்படாமல் இருந்தது. திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்பது அச்செய்தி. சொல் ஏட்டில் இருந்தது. இசையோ ஒரு குடியின் நினைவில் இருந்தது. அக்குடியில் ஒருத்தி எஞ்சியிருந்தமையால் பண் மீண்டது. ஆயினும் மீண்ட பண்களைக் கோயிலில் பாடுவதற்கு முதல் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் நிறுவிய நிவந்தத்தைக் காணின், திருப்பதியம் விண்ணப்பம் செய்வோர் நாற்பத்தெண்மரும் உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனும் ஆக ஐம்பதின்மரே குறிக்கப்பெறுகின்றனர். அவர்களுள் யாழிசைப்போர் இலர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேவார இசைக்கு யாழ் இன்றியமையாத துணையாக இருக்கவில்லை என்பதற்கு இக்கல்வெட்டு வலிய சான்றாகும்.

கருவி மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. ஈழத்தின் வடபகுதிக்கு யாழ்ப்பாணம் என்னும் பெயர், சோழநாட்டிலிருந்து வந்த கண்ணிலாப் பாணன் ஒருவன் தன் யாழிசைக்குப் பரிசிலாக மணற்றிடலைப் பெற்றமையால் அமைந்தது என யாழ்ப்பாண வைபவமாலை கூறும். இதனை வரலாறாகக் கொள்வாரும் கதையாகக் கொள்வாரும் உளர். எவ்வாறாயினும் ஓர் இசைக்கருவியின் பெயரும் அதனை இசைத்த குடியின் பெயரும் சேர்ந்து ஒரு நிலப்பகுதியின் பெயராக நிலைத்தமை குறிப்பிடத்தக்கது.

4. கிளார்சாக்: கடைசிக் கலைஞரும் முதற் பதிவும்

கேலிக் மக்களின் பழைய யாழ் மூன்று இயல்புகளால் தனித்து விளங்கியது. அதன் பத்தர் ஒரே மரக்கட்டையைக் குடைந்து செய்யப்பட்டது. அதன் தந்திகள் பெரும்பாலும் பித்தளையால் ஆயவை. அதனை இசைப்போர் நீள வளர்த்த நகங்களால் மீட்டினர். உலோகத் தந்தி நெடுநேரம் ஒலிப்பதால், முன் எழுந்த ஒலியை விரலால் அடக்கிப் பின் எழும் ஒலிக்கு இடமளிப்பதும் அக்கலையின் ஒரு பகுதியாக இருந்தது.

அயர்லாந்தில் இக்கலைஞர் கேலிக் குறுநில மன்னரின் அவையில் புலவருக்கு அடுத்த சிறப்புப் பெற்றிருந்தனர். 1607இல் வடபுலத் தலைவர்கள் நாட்டை விட்டு வெளியேறியபின் அந்த அவைகள் சிதைந்தன. கலைஞர் வீடு வீடாகச் சென்று இசைத்துப் பிழைக்கும் நாடோடிகளாயினர். அவர்களுட் பலர் பார்வையிழந்தோர். வேறு தொழில் செய்ய இயலாத பிள்ளைகளுக்கு யாழ் கற்பிக்கும் வழக்கம் அந்நாட்டில் இருந்தமையே அதற்குக் காரணம். இவர்களுள் பெரும்புகழ் பெற்ற டர்லோ ஓ கரோலன் 1670 முதல் 1738 வரை வாழ்ந்தவர். அவர் இயற்றியனவாக இருநூறுக்கு மேற்பட்ட இசைப்பாடல் மெட்டுகள் கிடைத்துள்ளன.

1792ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெல்பாஸ்ட் நகரில் யாழிசை விழா ஒன்று கூட்டப்பட்டது. எஞ்சிய கலைஞரை ஓரிடத்தில் வரவழைத்து அவர்தம் இசையை எழுதி வைப்பதே அதன் நோக்கம். நாடெங்கும் அழைத்தும் வந்த அயர்லாந்துக் கலைஞர் பதின்மரே. அவருள் அறுவர் பார்வையற்றோர். மூத்தவரான டெனிஸ் ஹெம்சன் தொண்ணூற்றேழு அகவையினர். நகத்தால் மீட்டும் பழைய முறையைக் கைக்கொண்டிருந்தவர் அவர் ஒருவரே. இசையைக் குறித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட எட்வர்ட் பன்டிங் அப்போது பத்தொன்பது அகவை இளைஞர். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். இப்பணியில் ஈடுபட்ட அவர் தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே செலவிட்டு, 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகளை வெளியிட்டார்.

பன்டிங்கின் பணி அளப்பரியது. எனினும் அதன் குறைகளும் ஆராய்ச்சியாளரால் சுட்டப்பட்டுள்ளன. அவர் தாம் கேட்டவற்றை வெளியிடுகையில் பியானோவுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். அதனால் பித்தளைத் தந்தியின் தனித்தன்மை அச்சில் இடம்பெறவில்லை. பாட்டின் கேலிக் சொற்களைத் திரட்ட 1802இல் பாட்ரிக் லிஞ்ச் என்பவர் மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அவர் திரட்டிய சொற்களும் பன்டிங்கின் தொகுப்புகளில் இடம்பெறாமல் கையெழுத்தாகவே தங்கின. மெட்டு மட்டும் எஞ்சியது. அம்மெட்டைத் தாங்கிய மொழி பின்தள்ளப்பட்டது. நல்வாய்ப்பாக, அவர் முதலில் எழுதிய குறிப்புகள் பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டமையால், பின்வந்தோர் அச்சுக்கு அப்பால் சென்று மூலத்தை ஆராய இயன்றது.

1840ஆம் ஆண்டுத் தொகுப்பில் பன்டிங் கலைஞரின் கலைச்சொற்கள் சிலவற்றையும் தந்துள்ளார். யாழின் நடுவே ஒரே சுதியில் அமைந்த அடுத்தடுத்த இரு தந்திகளைக் கலைஞர் ‘சகோதரிகள்’ என்றனர். சுதி சேர்த்தல் அவற்றிலிருந்தே தொடங்கிற்று. அங்கிருந்து ஐந்தாம் சுரத்தை அளவாகக் கொண்டு ஏனைய தந்திகள் சேர்க்கப்பட்டன. தமிழர் ஐந்தாம் நரம்பைக் கிளை என்றதும், கேலிக் கலைஞர் இணைத் தந்திகளைச் சகோதரிகள் என்றதும் ஒப்பிடத்தக்கவை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மக்கள் நரம்பின் இசைவைக் குடும்ப உறவாகவே கண்டனர்.

விழாவுக்குப் பின், 1808இல் பெல்பாஸ்ட் யாழ்க் கழகம் தோன்றியது. கலைஞர் ஆர்தர் ஓ நீல் பார்வையற்ற சிறுவர்க்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். பொருள் முட்டுப்பாட்டால் அது 1813இல் நின்றது; 1819இல் மீண்டும் தொடங்கி 1839 வரை நடந்தது. இதற்கிடையே டப்ளின் நகரின் ஜான் ஈகன் விலங்கு நரம்பு கட்டிய புதிய சிறுயாழை வடிவமைத்தார். அடுத்த நூற்றாண்டின் மறுமலர்ச்சி பெரும்பாலும் இப்புதிய கருவியின் வழியிலேயே சென்றது. ஸ்காட்லாந்தில் 1931இல் கிளார்சாக் கழகமும், அயர்லாந்தில் 1960இல் யாழ் நண்பர் அமைப்பும் நிறுவப்பட்டன. அவை யாழைப் பரப்பின. ஆனால் பரவியது நகத்தால் மீட்டிய பித்தளைத் தந்தி யாழன்று. பழைய கருவியை மீண்டும் ஒலிக்கச் செய்யும் முயற்சி 1970களில்தான் வலுப்பெற்றது. டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும் ஸ்காட்லாந்து தேசிய அரும்பொருட்காட்சியகத்திலும் உள்ள பழைய யாழ்களை அளந்து படிகள் செய்யப்பட்டன. பன்டிங்கின் கையெழுத்துக் குறிப்புகளைக் கொண்டு விரல் முறை மீட்கப்பட்டது. 2002இல் அயர்லாந்து வரலாற்று யாழ்க் கழகம் தோன்றியது. 2019இல் அயர்லாந்தின் யாழிசை யுனெஸ்கோவின் மானிட மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

5. ஏட்டிலிருந்து கருவிக்கு: யாழ் மீட்பின் படிகள்

தமிழகத்தில் ஹெம்சனை ஒத்த கடைசி யாழ்ப்பாணர் ஒருவரிடம் அமர்ந்து எழுதும் வாய்ப்பு எவர்க்கும் கிட்டவில்லை. அக்காலம் பல நூற்றாண்டுக்கு முன்பே கடந்துவிட்டது. டிரினிட்டி கல்லூரியில் உள்ளதுபோல் பழைய கருவி ஒன்றும் எஞ்சவில்லை. ஆகவே மீட்பு, ஏட்டிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

முதற்படியை அமைத்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், அடியார்க்குநல்லார் உரையோடு கூடிய சிலப்பதிகாரம் 1892இலும் வெளிவந்தன. காந்தருவதத்தையின் யாழ்ப்போட்டி, பொருநராற்றுப்படையின் யாழ் வருணனை, அரங்கேற்று காதையின் யாழாசிரியன் அமைதி ஆகியவை இப்பதிப்புகளால் பொதுவில் வந்தன. ஆயினும், மாதவியும் கோவலனும் யாழிசைத்துப் பிரியும் கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை. யாழ் பற்றி மிகுதியும் கூறவேண்டிய இடத்தில் உரை இல்லாமற் போனமை பேரிழப்பே ஆகும்.

இரண்டாம் படி தஞ்சை ஆபிரகாம் பண்டிதருடையது. மருத்துவராகிய அவர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, இசை மாநாடுகளைத் தம் பொருட்செலவில் கூட்டினார். 1917இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலில், சிலப்பதிகார உரைகளைக் கொண்டு பழந்தமிழ்ச் சுருதி முறையை ஆராய்ந்தார். அவர் முடிபுகள் சில பின்னர் மறுக்கப்பட்டன. ஆயினும் தமிழிசைக்குத் தனி இலக்கணம் உண்டு என்பதைக் கணக்கோடு நிறுவ முயன்ற முன்னோடி அவரே.

அக்காலத்தில் யாழும் வீணையும் ஒன்றே என்னும் கருத்துப் பரவலாக இருந்தது. ஈழத்தில் பிறந்த கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசாமி 1930இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், பண்டை இந்திய நூல்கள் வீணை எனக் குறித்தது வளைந்த தண்டுடைய வில் வடிவக் கருவியையே எனச் சிற்பங்களின் துணைகொண்டு காட்டினார். சமுத்திரகுப்தனின் நாணயத்திலும் அமராவதிச் சிற்பங்களிலும் காணப்படுவது அவ்வடிவமே. பர்மாவில் இன்றும் வழங்கும் சவுங் என்னும் வளைவு யாழ் அவ்வினத்தைச் சார்ந்தது. மத்தியப் பிரதேசத்தின் பர்தான் பாடுநர் கையில் இருந்த சிறுயாழும் அத்தகையதே. இவற்றால் தமிழ் யாழின் உருவம் பற்றிய ஐயம் பெரிதும் நீங்கியது.

மூன்றாம் படி விபுலாநந்த அடிகளின் யாழ் நூல். 1892இல் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவில் பிறந்த மயில்வாகனனார், அறிவியல் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் பெற்றவர். இராமகிருஷ்ண சங்கத்தில் சேர்ந்து 1924இல் துறவு பூண்டார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் இதழின் ஆசிரியராகவும் இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இத்துணைப் பணிகளுக்கிடையே பல்லாண்டு உழைத்து அவர் எழுதிய யாழ் நூல், பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களால் ஆயது.

இந்நூலின் சிறப்பு முறையியலில் உள்ளது. செய்யுளின் உவமையை அடிகள் உறுப்பின் அளவாகப் படித்தார். உரையின் எண்ணை நரம்பின் அதிர்வு விகிதமாகக் கணக்கிட்டார். பாலைத்திரிபைக் கட்டளைகளாக வரைந்து காட்டினார். கணிதம் கற்ற ஒருவர் தமிழ் உரைநூலை அணுகியபோதுதான் அதன் இசைப்பகுதி பொருள் விளங்கியது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947ஆம் ஆண்டு சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அடிகள் அவ்வாண்டு சூலை 19ஆம் நாள் மறைந்தார். தாம் மீட்ட கருவியின் எதிர்கால வளர்ச்சியைக் காண அவர்க்கு இரு திங்களும் வாய்க்கவில்லை.

நான்காம் படி நிறுவனங்களுடையது. 1943இல் தோன்றிய சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் பண் ஆராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியது. ஓதுவார்களும் இசைவாணர்களும் தமிழறிஞர்களும் ஒருங்கமர்ந்து ஒவ்வொரு பண்ணாக எடுத்து ஆராய்ந்தனர். இசையறிஞர் எஸ். இராமநாதன் சிலப்பதிகார இசை பற்றி ஆய்ந்தார். வீ.ப.கா. சுந்தரம் உருவாக்கிய தமிழிசைக் கலைக்களஞ்சியத்தின் நான்கு தொகுதிகளும் 1992க்கும் 2000க்கும் இடையே பாரதிதாசன் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டன. அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் இளம் கருவியமைப்பாளர் சிலர் சங்க நூல் வருணனைகளைக் கொண்டு யாழை மரத்தில் செய்து மேடையிலும் இசைத்தட்டிலும் ஒலிக்கச் செய்துள்ளனர்.

6. அறாத மரபு: மைசூர் வீணை

மைசூர் அரண்மனைக்கு அணித்தாக உள்ள அக்ரஹாரம் என்னும் பகுதி, அரசவையைச் சார்ந்த குடியிருப்புகள் அந்நகரில் வளர்ந்தமையைத் தன் பெயராலேயே நினைவூட்டுகின்றது. அரசரின் ஆதரவும், வித்துவான் குடும்பங்களின் இடையறாப் பயிற்சியும் ஓரூரில் கூடியமையால் மைசூர் வீணைக்கு ஒரு தனிப் பாணி உருவாயிற்று.

இம்மரபில் தலையாயவர் வீணை சேஷண்ணா. 1852 முதல் 1926 வரை வாழ்ந்த இவர் அரண்மனை வைணிகர் குடும்பத்தில் பிறந்தவர். தியாகராசரின் மாணாக்கரான வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரிடம் பயின்ற மைசூர் சதாசிவராயரிடம் இவர் இசை கற்றார். ஆகவே மைசூர் வீணையின் வேரில் தமிழ்நாட்டின் காவிரிக்கரை இசையும் கலந்துள்ளது. சேஷண்ணாவின் மாணாக்கர் வீணை வேங்கடகிரியப்பா (1887–1952). அவர் மாணாக்கர் வீ. தொரைசாமி ஐயங்கார் (1920–1997). நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தமிழ்நாட்டு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் மைசூர் அவையில் அமர்ந்து சாமுண்டேசுவரி மீது கீர்த்தனங்கள் இயற்றினார்.

இந்திய விடுதலைக்குப் பின் அரசவை மறைந்தது. அயர்லாந்தில் 1607இல் நேர்ந்தது போன்ற நிலையே இது. ஆயினும் விளைவு வேறாயிற்று. அவையின் இடத்தை வானொலி நிலையமும் இசைச் சபைகளும் கல்லூரிகளும் உடனே ஏற்றன. அரண்மனையில் வாசித்த தொரைசாமி ஐயங்கார் பின்னர் பெங்களூர் வானொலியில் பணியாற்றினார். புரவலர் மாறினர், ஆசிரியர், மாணாக்கர் தொடர் அறவில்லை. ஒலிப்பதிவும் உடன் வந்தமையால், ஏட்டால் பிடிக்க இயலாத கமக நுட்பமும் பின்வருவோர்க்குக் கிட்டியது.

7. ஒப்பீடு

மேற்கண்ட மூன்று வரலாறுகளிலும் எஞ்சியது எது, அற்றது எது எனக் காணுதல் வேண்டும். யாழில் சொல்லும் இலக்கணமும் எஞ்சின. கருவியும் கைப்பழக்கமும் அற்றன. கிளார்சாக்கில் கருவியும் மெட்டும் எஞ்சின. விரல் முறை குறிப்பளவில் நின்றது. பாடற்சொல் பெரும்பாலும் கைவிடப்பட்டது. மைசூர் வீணையில் கருவி, கைப்பழக்கம், பாடல் ஆகிய மூன்றும் தொடர்ந்தன.

புரவலர் மறைதல் மூன்றுக்கும் பொதுவாதலின், அதனை மட்டுமே மரபழிவுக்குக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. புரவலர் மறைந்த பின் ஒரு தலைமுறைக்குள் வேறோர் ஆதரவு கிடைத்ததா என்பதே முடிவை நிருணயித்தது. மைசூரில் அது கிடைத்தது. அயர்லாந்தில் இரு நூற்றாண்டுக்குப் பின் கிடைத்தது. அதற்குள் நகத்தால் மீட்டுவோர் ஒருவரே இருந்தார். தமிழகத்தில் கோயில் புதிய புரவலராக எழுந்தது. ஆனால் அது பாட்டை ஏற்று, அதனை யாழில் இசைத்த பாணரை முழுதும் ஏற்கவில்லை.

மற்றொன்றும் இங்குக் கருதத்தக்கது. மீட்கப்படும் கருவி பழைய கருவியாகவே அமையுமா என்னும் வினா அது. ஈகனின் சிறுயாழ் அயர்லாந்தில் யாழிசையை வாழவைத்தது; எனினும் பித்தளைத் தந்தியின் ஒலி நூற்றைம்பது ஆண்டுகள் மறக்கப்படவும் அதுவே ஏதுவாயிற்று. இன்று செய்யப்படும் தமிழ் யாழ்களிலும் உலோகத் தந்தியும் மின்னொலிக் கருவியும் இடம்பெறுகின்றன. இது தவறன்று, பயிலப்படாத கருவி உயிர் பெறாது. ஆனால் எப்பகுதி நூல்வழிப்பட்டது, எப்பகுதி புத்தாக்கம் என்பதைச் செய்வோர் பிரித்துரைத்தல் வேண்டும். இல்லையெனில் இன்றைய புத்தாக்கமே நாளை சங்ககால யாழ் எனக் கொள்ளப்படும்.

8. முடிவுரை

யாழ் ஆய்வு கருவியின் வடிவத்தோடு நின்றுவிடுதல் போதாது. பாலைத்திரிபை மாணவர் கைப்பட இசைத்துக் கற்கும் வகையில், எளிய ஏழு நரம்புச் செங்கோட்டியாழ் இசைக் கல்லூரிகளில் பயிற்றுக் கருவியாக அமைதல் நன்று. அடிகள் வகுத்த கட்டளைகள் அப்போது தாளிலிருந்து செவிக்கு வரும். ஓதுவார் மரபில் எஞ்சியுள்ள பண் முறைகளை, மூத்த ஓதுவார்கள் வாழும்போதே, சொல்லும் மெட்டும் பிரியாதவாறு ஒலிப்பதிவு செய்தல் அதனினும் முதன்மையானது. பன்டிங் சொல்லை விட்டுச் சென்றார். தமிழ் ஏடுகள் மெட்டை விட்டுச் சென்றன. இரண்டையும் ஒருங்கே காக்கும் கருவிகள் இன்று உள்ளன.

ஹெம்சன் தம் நகத்தால் மீட்டிய கடைசி மெட்டுகளைக் கேட்க ஓர் இளைஞர் இருந்தார். எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணின் பண்ணைக் கேட்கவும் எவரோ இருந்தனர். கோயில்களில் இன்றும் தேவாரம் பாடும் முதியோரிடம் சென்று அமர்வது இத்தலைமுறை ஆய்வாளர்க்குரிய கடமையாகும்.